ஈஏ நிறுவனம் சவுதி கைக்குப் போவதில் ஆடுகிற நமக்கு என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: அமெரிக்க கேம் நிறுவனமான ஈஏவை (எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) சவுதி அரேபியாவின் பணம் வாங்குகிறது, அந்த அரசு தன் பெயரை வெளுத்துக்கொள்ளத்தான் இப்படிச் செய்கிறது என்று பலர் எழுதுகிறார்கள், தினமும் ராத்திரி ஈஏவின் கால்பந்து கேமான எஃப்சி ஆடும் எனக்கு ஆட்டத்தில் பிரசாரம் வந்துவிடுமா, ஆடுவதை நான் நிறுத்த வேண்டுமா. இதில் பிரசாரம் பற்றிய கேள்வி மேலோட்டமானது. காசு கொடுத்து ஆடுகிற எனக்கும் அந்த அரசு செய்யும் காரியங்களுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன், ஆனால் சுற்றிவந்துதான் சொல்ல முடியும்.

நிறுவனங்கள் கைமாறும்போது வாங்குபவர் சார்பில் கணக்குகளையும் ஒப்பந்தங்களையும் அலசுவது என் தொழில். கேம் ஸ்டூடியோக்களும் அதில் வந்திருக்கின்றன. ஆகவே யாருக்கு என்ன பங்கு, அந்தப் பங்கு என்ன அதிகாரம் தரும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். சவுதியின் உள்நாட்டு அரசியலில் நான் நிபுணன் இல்லை, அரபு மொழியும் தெரியாது. அந்தப் பகுதியில் நீதிமன்றத் தண்டனைகளையும் பரவலாக உறுதியான செய்திகளையும் மட்டுமே நம்பி எழுதுகிறேன்.

முதலில் விற்பனையைப் பார்ப்போம். 2025 செப்டம்பர் 29 அன்று அறிவிப்பு வந்தது. மொத்த மதிப்பு 5,500 கோடி டாலர், பங்கு ஒன்றுக்கு 210 டாலர். வாங்குபவர்கள் மூவர்: சவுதியின் பொது முதலீட்டு நிதியம், அதாவது பிஐஎஃப், சில்வர் லேக் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் மருமகன் ஜாரெட் குஷ்னர் நடத்தும் முதலீட்டு நிறுவனமான அஃபினிட்டி பார்ட்னர்ஸ். மூன்று பேர் சேர்ந்து வாங்குவதுபோல் செய்தியில் படித்திருப்பீர்கள். பிரேசிலின் போட்டி ஆணையத்தில் தாக்கலான ஆவணத்தின்படி பிஐஎஃப்புக்கு 93.4 சதவீதம், சில்வர் லேக்குக்கு 5.5, அஃபினிட்டிக்கு 1.1. அந்த அஃபினிட்டிக்கே 2021இல் 200 கோடி டாலர் கொடுத்ததும் பிஐஎஃப்தான். டிசம்பரில் ஈஏவின் பங்குதாரர்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். ஆக, இதைக் கூட்டு முதலீடு என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரே ஒருவர் உரிமையாளர் ஆகிறார்.

அந்த ஒருவர் அரசா, அல்லது அரசின் பணத்தை நிர்வகிக்கும் தனி அமைப்பா? இந்தக் கேள்விக்குப் பதில் காகிதத்திலேயே இருக்கிறது. 2021 அக்டோபரில் பிஐஎஃப் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் கால்பந்துக் கிளப்பில் 80 சதவீதத்தை வாங்கியது. அப்போது, சவுதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழிகள் கிடைத்துள்ளதாக பிரீமியர் லீக் அறிவித்தது. பதினாறு மாதம் கழித்து, பிஐஎஃப் பணம் போட்ட லிவ் கோல்ஃப் போட்டித் தொடர் பற்றிய வழக்கில் கலிஃபோர்னியாவில் உள்ள அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஆவணங்களைக் கேட்டது. கொடுக்காமல் இருக்க பிஐஎஃப் வைத்த வாதம், தான் சவுதி அரசின் இறையாண்மை பெற்ற அங்கம் என்பதும், தன் ஆளுநர் யாசிர் அல்-ருமய்யான் பதவியில் இருக்கும் அமைச்சர் என்பதும்தான். அதே அல்-ருமய்யான்தான் நியூகாசில் கிளப்பின் தலைவர். ஒரு நாட்டில் அரசு இல்லை, இன்னொரு நாட்டில் அரசு. பிஐஎஃப்பின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். இதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, இது அரசுதான்.

அடுத்து நோக்கம். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். எண்ணெய் வருமானத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று 2016இல் விஷன் 2030 திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சவுதிக் குடிமக்களில் 63 சதவீதம் பேர் 30 வயதுக்குக் கீழே என்று 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் தியேட்டரே இல்லாமல் இருந்து 2018இல்தான் மறுபடி திறந்த நாடு அது. அந்த இளைஞர்கள் வீட்டுக்குள் கேம் ஆடித்தான் வளர்ந்தார்கள், அவர்களுடைய ஆர்வம் நிஜமானது. 2022 செப்டம்பரில் பிஐஎஃப்பின் சாவி கேம்ஸ் குழுமத்துக்கு 14,200 கோடி ரியால், ஏறக்குறைய 3,780 கோடி டாலர், ஒதுக்குவதாக அறிவித்தார்கள். 2030க்குள் 250 கேம் நிறுவனங்கள், 39,000 வேலைகள் என்பது இலக்கு. 2023இல் ஸ்கோப்லி என்ற மொபைல் கேம் நிறுவனத்தை 490 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2025இல் ஸ்கோப்லி வழியாக போக்கிமான் கோ உள்பட நியான்டிக்கின் கேம்களை 350 கோடிக்கு வாங்கினார்கள். இவை லாபம் தரும் சொத்துகள். பெயருக்காக மட்டும் இவ்வளவு பணத்தை யாரும் இறைக்க மாட்டார்கள். "எல்லாமே வேஷம்" என்பவர்களோடு நான் இந்த இடத்தில் உடன்படவில்லை.

ஆனால் தொழில் நோக்கம் உண்மை என்பதால் மற்றது பொய் ஆகிவிடாது. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022 ஜனவரியில் சாவி, மின்விளையாட்டுப் போட்டி நடத்தும் ஈஎஸ்எல், ஃபேசிட் இரண்டையும் 150 கோடி டாலருக்கு வாங்கியது. மார்ச் 12 அன்று ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆகஸ்டில் சல்மா அல்-ஷெஹாப் என்ற பெண்ணுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் 34 ஆண்டு சிறை விதித்தது. பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், இரண்டு குழந்தைகளின் தாய். ஊருக்கு விடுமுறையில் போனபோது கைதானார். ட்விட்டரில் சில செயற்பாட்டாளர்களைப் பின்தொடர்ந்ததும் அவர்களுடைய பதிவுகளைப் பகிர்ந்ததும்தான் குற்றம். பிறகு தண்டனை குறைக்கப்பட்டு 2025இல் விடுதலை ஆனார். அந்த 34 ஆண்டுத் தீர்ப்புக்கு அடுத்த மாதம்தான் கேம் துறைக்கான 3,780 கோடி அறிவிப்பு வந்தது. இளவரசரே 2023இல் ஃபாக்ஸ் நியூஸ் பேட்டியில், விளையாட்டால் பெயரை வெளுப்பது தன் நாட்டின் மொத்த உற்பத்தியை ஒரு சதவீதம் கூட்டும் என்றால் அதைத் தொடர்ந்து செய்வேன் என்று சொன்னார். மறுக்கக்கூட இல்லை. சவுதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகியை இஸ்தான்புல்லில் உள்ள சவுதி துணைத் தூதரகத்தில் கொன்றதற்கு அவர் ஒப்புதல் தந்தார் என்று அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீடு 2021இல் வெளியானது. தான் உத்தரவிடவில்லை என்பது அவர் நிலை.

அரசுப் பணம் என்றாலே தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். நார்வேயின் எண்ணெய் நிதி உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்களில் சின்னச் சின்னப் பங்கு வைத்திருக்கிறது, கேம் நிறுவனங்களும் அதில் உண்டு. எந்த நிறுவனத்தின் கூட்டத்தில் எப்படி வாக்களிக்கப் போகிறோம் என்று ஐந்து நாள் முன்னதாகவே அவர்கள் வெளியிடுகிறார்கள். அந்த நிதியைத் திட்டி எழுதும் நார்வேக்காரர் ஜெயிலுக்குப் போவதில்லை. எனக்கு முக்கியமான வித்தியாசம் அதுதான். பணத்தின் சொந்தக்காரரை, அந்தப் பணத்தில் பிழைப்பவர் பகிரங்கமாகக் குறை சொல்ல முடிகிறதா?

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். பெயர் வெளுப்பு எப்படி வேலை செய்கிறது என்று புரிய லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கேமின் ஐரோப்பியப் போட்டித் தொடரில் நடந்ததைப் பார்த்தால் போதும். 2020 ஜூலை இறுதியில், அந்த கேமை உருவாக்கிய ரயட் கேம்ஸ் அந்தத் தொடருக்கு நியோம் நகரத் திட்டத்தை ஸ்பான்சராக அறிவித்தது. செங்கடல் ஓரம் சவுதி கட்டும் புது நகரம் அது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த ஹுவைதாத் பழங்குடியினரைக் காலிசெய்யச் சொன்னார்கள். வர மாட்டேன் என்று வீடியோ போட்ட அப்துல் ரஹீம் அல்-ஹுவைதியை அதே ஆண்டு ஏப்ரலில் பாதுகாப்புப் படை சுட்டுக் கொன்றது. ஸ்பான்சர் அறிவிப்பு வந்ததும் தொடரின் வர்ணனையாளர்கள் தங்கள் பெயரிலேயே வெளிப்படையாக எதிர்த்தார்கள், சிலர் வேலைக்கு வர மாட்டோம் என்றார்கள். நிறுவன ஊழியர்களும் எதிர்த்து எழுதினார்கள். 24 மணி நேரம்கூட ஆகவில்லை, ரயட் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது. பிறகு பிளாஸ்ட் என்ற போட்டி நடத்தும் நிறுவனமும் நியோமோடு போட்டிருந்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டது.

நான்கு வருடம் கழித்து 2024 கோடையில் ரியாத்தில் முதல் இஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பை நடந்தது. பரிசுத் தொகை மட்டும் 6 கோடி டாலருக்கு மேல். அதில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இருந்தது, கொரியாவின் டி1 அணி கோப்பையை வாங்கியது. 2020இல் ஒரு நாள் தாங்காத ஒப்பந்தத்தைவிட இது பல மடங்கு பெரியது. எதிர்ப்பு இருந்தது, ஆனால் போட்டியை அசைக்கும் அளவுக்கு இல்லை. இடையில் ஹுவைதாத் மக்களின் நிலைமை சீரானதா என்றால் இல்லை. 2022இல் அந்தப் பழங்குடியைச் சேர்ந்த மூவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். மாறியது போட்டி உலகத்தின் கணக்கு. பெரிய போட்டி அமைப்பாளர் இப்போது சாவிக்குச் சொந்தம். அணிகளுக்கு ரியாத்திலிருந்து நேரடி உதவித்தொகை போகிறது. கோடை முழுக்க வேலை அங்கேதான். ஒப்பந்த அடிப்படையில் பிழைக்கும் ஒரு வர்ணனையாளர் "நான் வர மாட்டேன்" என்றால் அவருக்கு அந்த வருட வருமானத்தில் பெரிய துண்டு விழும். ஊரில் ஒரே ஒரு கல்யாண மண்டபம் இருந்தால் அதன் முதலாளியிடம் சமையல்காரரும் நாதஸ்வரக்காரரும் சண்டைக்குப் போக மாட்டார்கள், அந்த நிலைமைதான். யாருடைய மனதும் மாறாமலே இது நடக்கிறது. சவுதி அரசை நீங்கள் விரும்ப வேண்டும் என்றுகூட அவசியமில்லை. பேசக்கூடியவர்கள் ஒவ்வொருவராக வாயைத் திறக்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டால் போதும்.

இதற்கு எதிர் உதாரணமும் உண்டு, அது எனக்கு நம்பிக்கை தருவது. 2025 மே மாதம், படத்தைப் பார்த்து அது உலகில் எந்த இடம் என்று கண்டுபிடிக்கும் ஆட்டமான ஜியோகெஸர் அந்த உலகக் கோப்பையில் சேருவதாக அறிவித்தது. அந்த ஆட்டத்தில் மக்கள் அதிகம் ஆடும் வரைபடங்கள் பலவற்றை ரசிகர்களே உருவாக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் ஒன்றுசேர்ந்து வரைபடங்களை ஆட முடியாதபடி செய்துவிட்டார்கள். சில நாளில் நிறுவனம் பின்வாங்கியது. அந்த ரசிகர்களுக்கு ரியாத்திலிருந்து சம்பளம் வரவில்லை, அதே நேரம் ஆட்டத்துக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் மறுப்புக்குப் பலம் வருகிறது.

சரி, பிரசாரம் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். இதுவரை நடந்ததை வைத்துப் பார்த்தால், வாங்கிய ஆட்டத்துக்குள் சவுதி அரசைப் புகழ்ந்து வசனம் வைத்ததாக உதாரணம் இல்லை. நுட்பமான சேர்க்கைகள் உண்டு. ஜப்பானின் எஸ்என்கே கேம் நிறுவனத்தில் 96 சதவீதம் இளவரசரின் மிஸ்க் அறக்கட்டளையிடம் இருக்கிறது. 2025இல் அவர்கள் வெளியிட்ட ஃபேட்டல் ஃபியூரி சண்டை ஆட்டத்தில் கிறிஸ்டியானோ ரொனால்டோ ஒரு பாத்திரமாக வந்தார். அந்தத் தொடருக்கும் கால்பந்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரொனால்டோ ஆடும் அல் நஸ்ர் கிளப்பில் பெரும்பங்கு பிஐஎஃப்புடையது. அதே ஆண்டு பிரெஞ்சு கேம் நிறுவனமான யுபிசாஃப்ட், தன் அசாசின்ஸ் கிரீட் மிராஜ் ஆட்டத்துக்கு சவுதியின் அல்உலா பகுதியில் நடக்கும் புதுக் கதையை இலவசமாகக் கொடுத்தது. சவுதிப் பணம் இருப்பதாக பிரெஞ்சுப் பத்திரிகையில் செய்தி வந்து, ஊழியர்களே நிர்வாகத்தைக் கேள்வி கேட்டார்கள். இவை சுற்றுலா விளம்பரம் அளவுக்கானவை. நான் இவற்றுக்குப் பெரிதாகக் கவலைப்படவில்லை.

ஆட்டத்தில் வராமல் போகும் விஷயங்களைப் பற்றித்தான் கவலை. மனிதர்களை உருவாக்கி அவர்கள் வாழ்க்கையை நடத்தும் ஈஏவின் சிம்ஸ் ஆட்டத்தில் 2000ஆம் ஆண்டு முதலே ஒருபாலின ஜோடிகளை உருவாக்கலாம். 2022 பிப்ரவரியில் கல்யாணத்தை மையமாக வைத்த சிம்ஸ் 4 தொகுப்பு ஒன்று வந்தது, விளம்பரத்தில் இரண்டு பெண்களின் திருமணம். ரஷ்யச் சட்டத்துக்காக அதை வெட்டுவதைவிட ரஷ்யாவில் வெளியிடாமலே இருப்போம் என்று அந்தக் குழு முதலில் அறிவித்தது. ரசிகர்கள் கேட்டுக்கொண்டதால் பிறகு எதையும் மாற்றாமல் அங்கேயும் வெளியிட்டார்கள். ஒருபாலின உறவு குற்றமாக இருக்கும் ஒரு நாட்டின் அரசு 93 சதவீத உரிமையாளராக இருக்கும்போது, அதே குழு அதே முடிவை எடுக்குமா? படைப்புச் சுதந்திரம் தொடரும் என்று ஈஏ சொல்கிறது. இன்றைக்கு அதை உறுதிப்படுத்தவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. சிம்ஸ் பற்றி வீடியோ போடும் சிலர் காத்திருக்காமல் ஈஏவின் கிரியேட்டர் திட்டத்திலிருந்து விலகிவிட்டார்கள். உரிமையாளர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதில்லை, கீழே இருப்பவர்கள் முன்கூட்டியே வளைந்துகொடுப்பார்கள் என்பதை என் தொழிலில் பலமுறை பார்த்திருக்கிறேன். 2019இல் ஹாங்காங் போராட்டத்துக்கு ஆதரவாக நேரலையில் முழங்கிய ஹார்த்ஸ்டோன் கேம் வீரருக்கு, அந்த கேமை நடத்தும் பிளிஸார்ட் நிறுவனம் ஒரு வருடத் தடை விதித்தது. எதிர்ப்பு வந்தபின் ஆறு மாதமாகக் குறைத்தது. சீனாவின் டென்சென்டுக்கு அந்த நிறுவனத்தில் இருந்தது ஏறக்குறைய 5 சதவீதம்தான், அதுவும் தனியார் நிறுவனம். சீனச் சந்தையை இழக்கும் பயம் போதுமானதாக இருந்தது என்பது என் ஊகம். காரணம் சீனா அல்ல என்றே பிளிஸார்ட் சொன்னது.

பயனர் தரவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எல்லோரும் கேட்பதால் ஒரு வார்த்தை. ட்விட்டரின் உள்ளேயிருந்து சவுதிக்காகப் பயனர் விவரங்களை எடுத்ததாக முன்னாள் ஊழியர் அகமது அபுவம்மோ 2022இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அது பங்கு வழியாக நடக்கவில்லை, ஊழியருக்குப் பணமும் விலையுயர்ந்த கைக்கடிகாரமும் கொடுத்து நடந்தது. ஆகவே ஆசை இருந்தது என்பது நிரூபணமான விஷயம். ஈஏ வழியாக அப்படி நடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சவுதிக்காரர் ஒருவர் புனைபெயரில் ஆடிக்கொண்டே வாய்ஸ் சாட்டில் அரசியல் பேசினால், அவர் பயப்பட நியாயம் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அவ்வளவு இல்லை.

ஆடுகிறவராக உங்களை முதலில் தொடப்போவது பிரசாரம் அல்ல, கடன். 5,500 கோடியில் 2,000 கோடி டாலர் ஜேபி மார்கன் ஏற்பாடு செய்த கடன், அது ஈஏவின் தலையில்தான் ஏறும். வட்டி 8 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 160 கோடி டாலர். 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ஈஏவின் நிகர லாபம் ஏறக்குறைய 112 கோடி. அந்த இடைவெளியை ஆட்களைக் குறைத்தோ, உங்களிடம் அதிகம் வாங்கியோதான் நிரப்ப முடியும். ஈஏவின் வருவாயில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, ஆட்டம் வாங்கிய பிறகு நாம் கட்டும் பணத்திலிருந்துதான் வருகிறது, எந்த வீரர் கிடைப்பார் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் அல்டிமேட் டீம் பேக்குகள் அதில் பெரிய பங்கு. விலை, பேக், புது மோட் எல்லாவற்றிலும் அந்த அழுத்தத்தைப் பார்ப்பீர்கள். இதை எந்த நாட்டு முதலாளி வாங்கியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

சவுதிப் பணத்தை நம்பி இருப்பதன் ஆபத்துக்கு ஸ்வீடனின் எம்ப்ரேசர் கேம் குழுமம் சாட்சி. 2022இல் சாவி அதில் 100 கோடி டாலர் போட்டு 8 சதவீதப் பங்கு வாங்கியது. 2023 மே மாதம் 200 கோடி டாலருக்கான ஓர் ஒப்பந்தம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனதாக எம்ப்ரேசர் அறிவித்தது. மறுபக்கம் யார் என்று அது சொல்லவில்லை, சாவிதான் என்று ஆக்ஸியோஸ் செய்தித் தளம் எழுதியது. வராத பணத்தை நம்பி விரிந்திருந்த குழுமம் சுருங்கியது. 30 வருடமான வோலிஷன் ஸ்டூடியோவை மூடினார்கள், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள்.

ஆக, நிறுத்த வேண்டுமா? ஜியோ சிம் வைத்திருந்தால் 2020இல் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 11,367 கோடி ரூபாய் போட்ட பிஐஎஃப்போடு ஏற்கெனவே தொடர்பில்தான் இருக்கிறீர்கள். முழுத் தூய்மை யாருக்கும் வாய்க்காது. அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று விட்டுவிடவும் கூடாது என்பது என் கருத்து. ஆட்டத்தை ஆடுங்கள், பேக்குகளுக்குக் கட்டும் பணத்தை நிறுத்துங்கள், ஏனென்றால் லாபம் அங்கேதான். ரியாத் போக மறுக்கும் வீரரும் வர்ணனையாளரும் தெரிந்தால் அவர்களுடைய சேனலுக்கு உங்கள் சந்தாவைக் கொடுங்கள், அவர்களுக்கு இழப்பு நிஜமானது. ரியாத்தில் ஆடுகிறவர்களைத் திட்டாதீர்கள். இருபது வயதுப் பையனுக்கு அதைவிட்டால் பெரிய மேடை இல்லை.

இன்னொன்று, இது தொழில்முறை ஆலோசனை. இந்தப் பதிலில் ஈஏ பற்றி நான் கொடுத்த லாபமும் வருவாய்ப் பங்கும் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தில் ஈஏ தாக்கல் செய்த ஆண்டறிக்கையிலிருந்து வந்தவை. நிறுவனம் பங்குச் சந்தையை விட்டு வெளியேறிவிட்டால், பங்குதாரர்களுக்காக அதைப் பொதுவில் வெளியிடும் கடமை போய்விடும். கடன் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டுவார்கள், நமக்கு அல்ல. பழைய ஆண்டறிக்கைகள் ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2025ஆம் நிதியாண்டுக்கானதை இறக்கி, லைவ் சர்வீஸ் வருவாய், அதாவது ஆட்டம் வாங்கிய பிறகு நாம் கட்டும் பணம், பற்றிய பகுதியையும் ஆபத்துகள் பற்றிய பகுதியையும் படித்துவிடுங்கள். எங்காவது புரியவில்லை என்றால் இங்கேயே கேளுங்கள், சொல்கிறேன்.